இரண்டு என்று அறிவிக்கப்பட்ட வலி

துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்கு மதிப்புப் போடுவதுதான் சுங்கத்தில் எனக்கு இருந்த வேலை. முந்திரிக்கொட்டையோ, மரத்தடியோ, பழைய இயந்திரமோ, கொண்டுவந்தவர் சொன்ன விலையை அப்படியே நம்பியதாக நினைவில்லை. பளபளக்கும் மோட்டாரைக் காயலாங்கடைச் சரக்கு என்று முகம் மாறாமல் சொல்வார்கள். எந்த விதிக்கு எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு அந்த அறிவால் கண்ட ஒரே பலன், கேஸ் கொண்டுவருபவர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே சிலிண்டரை எடை போட்டுக் காட்டுவதுதான்.

என் மனைவி வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். சில காலமாக நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். உட்கார்ந்தால் இடுப்பில் கிளம்பும் வலி கெண்டைக்கால் வரை இறங்கும். மாத்திரை, பெல்ட், உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. சமையல் என் கைக்கு வந்தது. சட்னி எப்படி என்று கேட்டால், சுவரில் சாய்ந்தபடி “நல்லாத்தான் இருக்கு” என்பாள். அவளுக்கு இருந்த ஆசை சின்னது. “நாலு இட்லிய நிம்மதியா உக்காந்து திங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

முதுகெலும்பு டாக்டர் ஆறுமுகநேரிக்காரர். ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, ஒரு கருத்த வட்டைக் காட்டினார்.

“டீச்சர், டிஸ்க்குன்னா நுங்குன்னு வச்சுக்கிடுங்க. இளசா இருக்கையில உள்ள தண்ணி கோத்து மெத்துன்னு இருக்கும். உங்களுக்கு இந்த ஒண்ணு வத்திப்போச்சு. உயரம் கொறஞ்சு நரம்ப அமுக்குது.”

“அப்பம் தண்ணியப் பிடிச்சு வைக்க ஒரு பாலிமர் வேணும். ஹைட்ரோஜெல்லா?” என்றாள் அவள்.

டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். “அதேதான். ஊசி வழியா தண்ணியாட்டம் உள்ள போவும். உடம்புச் சூட்டுல கெட்டிப்படும்.”

“கடப்பாசி சூடாறுனாத்தான கட்டியாவும்? இது தலைகீழால்லா இருக்கு!”

அவள் குரலில் அத்தனை உற்சாகத்தைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, உறுதி எதுவும் தர முடியாது, தகுதி உள்ளவர்களை மட்டுமே சேர்ப்பார்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சம்மதப் படிவத்தைக் கடைசி வரி வரை படித்த முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவளிடம் கேட்டார். “பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, வலி எத்தன?”

“ரெண்டு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டுக்கெல்லாம் இந்த ஊசி கிடையாது டீச்சர். நல்லாத்தான இருக்கீங்க?”

இத்தனை அப்பட்டமான குறைமதிப்பை நான் பணியில்கூடப் பார்த்ததில்லை. சும்மா இருக்க முடியவில்லை. “டாக்டர், இவ புதுக்கோட்டைக்குப் பஸ்ல நின்னுக்கிட்டே போறா, பக்கத்துல சீட்டு காலியா கெடக்கு. கீழ விழுந்த கரண்டிய இடுக்கியால எடுக்கா. வெளிய அந்த பெஞ்சுல ஒரு நிமிஷம் உக்காரல...”

“ஏங்க, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. இது என்ன ஒங்க குடோனா?”

“அண்ணாச்சி, நீங்க சொல்லுற நம்பர நான் போட முடியாது. அவங்களே சொல்லணும்” என்றார் டாக்டர்.

முறை அதுதான். எங்கள் விதியிலும், அறிவிப்பைத் திருத்தச் சரக்குக்கு உடையவர்தான் வர வேண்டும். விதி தெரிந்தவன் விதிக்குக் கட்டுப்பட்டு வாயை மூடினேன். இந்த அறையை விட்டு இரண்டோடு வெளியேறினால் அந்த இட்லியும் அதோடு சரி.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். “எதுக்கு டீச்சர் பயப்படுதீக?”

அவள் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி சொன்னாள். “வெளிய ஒரு அம்மா சொன்னா. ஏழு, எட்டுன்னு வாயத் தொறந்தா கத்திய எடுத்து ஸ்க்ரூ போட்டுருவாகளாம்.”

“அட, அப்படியெல்லாம் இல்ல. நீங்க பத்துன்னு சொன்னாலும் ஒங்க சம்மதம் இல்லாம ஒரு ஸ்க்ரூவும் உள்ள போவாது.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“ஏழு. குளிச்சிட்டு வாரப்ப எட்டு.”

நான் மனதில் ஐந்து போட்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், எல்லா ஆதாரமும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் ஐந்துதான் போட்டிருந்தேன். வெளியே வந்ததும் அவள் பையை வாங்கிக்கொண்டேன். “என்ன திடீர்னு?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

மற்ற சோதனைகளும் முடிந்து அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போட்ட முதல் வாரங்களில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் காலில் இறங்கிய வலி பின்வாங்கத் தொடங்கியது. ஜெல் நின்று நிலைக்குமா என்பதை அடுத்த ஸ்கேன்தான் சொல்லும் என்கிறார் டாக்டர். கேட்டால் இப்போது “மூணு” என்கிறாள். சில நாள் “நாலு” என்றும் சொல்கிறாள். எதையும் ஒளிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் இட்லி முடிந்தது. எழுந்துவிடுவாள் என்று பார்த்தேன். நான்காவதும் முடிந்தது. காபிக்கும் எழவில்லை.

“உக்காந்து தின்னாத்தான் தெரியுது. ஊரச் சுத்தி உப்பளம், ஒங்க சட்னில ஒரு கல்லு உப்பு இல்ல.”

“பத்துக்கு எத்தன?” என்று கேட்டேன்.

“ரெண்டு.”

மதிப்பைக் கூட்டலாமா என்று சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.