பாஸ்போர்ட் வந்தா இறங்குறேன்

முப்பத்தேழு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது பெரிய பெரிய ஆட்களெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, "மேடம், கொஞ்சம் சீக்கிரம் உள்ள விடுங்க மேடம்" என்று கெஞ்சுவார்கள். மாலையில் செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் கால் வைத்தால் மறுபடியும் பாப்பா. சொந்தத்தில் யாருக்குப் பிரசவம், யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். "உனக்கென்ன, குடும்பமா குட்டியா, ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போயேன்" என்பார்கள். அந்த ரெண்டு நாள் ரெண்டு மாதமாக நீளும். அவளும் வேலைக்கும் அங்கேயுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால், அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சங்கடத்தோடு சொன்னார். "உங்க அண்ணன் போன் பண்ணாரேம்மா. அவர் மாமனார் படுக்கையில இருக்காராம், நீங்கதான் கூட இருந்து பாத்துக்கப் போறீங்களாம். வேலைய விட்டுட்டதா அவரே சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பாப்பா மேசை டிராயரில் இருந்த சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவளுக்காக ஓர் அறையைக் கூட்டி, கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என் வேலைய நீ எப்படிண்ணா விடலாம்?"

"கோவப்படாத பாப்பா. நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு தெரியும், அதான் பேசிட்டேன். நர்ஸ் வெச்சா கட்டுப்படியாகுமா? அதுவும் இல்லாம, வீட்டு மனுஷங்க மாதிரி வருமா?"

"விட்டாச்சுன்னு சொல்லிட்டல்ல? சரி, விட்டாச்சு. ஆனா உன் மாமனாருக்கு நான் வர மாட்டேன்."

"பின்ன என்ன பண்ணப் போற?"

யோசிக்கும் முன்பே அவள் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. போன மாதம் கடைவாய்ப்பல் உடைந்து வந்த ஒரு பெண், முதுகில் ஆள் உயர மூட்டையோடு மேசை முன்னால் நின்று கதை சொல்லியிருந்தாள். பழம் பறிக்கிற காலத்துக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி தருகிற நாடுகள் இருக்கின்றன, ஒரு தோட்டத்தில் பறித்த கூலியில் அடுத்த ஊரைப் பார்க்கலாம், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று. பாப்பா அதைக் கேட்டுச் சிரித்தாளே தவிர, மறக்கவில்லை.

"வெளிநாடு போறேன். தோட்ட வேலைக்கு. ஊரும் பாக்கப் போறேன்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணி விரிப்பும் கையுமாக வாசல்படியில் நின்றுவிட்டாள். "இந்த வயசுல மூட்டை தூக்கிக்கிட்டா? பூத்தொட்டிக்குத் தண்ணி ஊத்தினாலே இடுப்பு வலிக்குதும்ப!"

"வலிச்சா வலிக்கட்டும். என் இடுப்புதானே."

அனுமதி வர நாளாயிற்று. அதுவரை தினமும் ஒரு சொந்தக்காரர் வந்து புத்தி சொன்னார். எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்துச் சங்கிலி விமான டிக்கெட்டாக மாறியது. தோளில் பை ஏறியபோது ஒரு பக்கம் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், போய்விட்டாள்.

போன இடத்தில் ஒன்றும் பூப்போட்ட பாதை இல்லை. முதலில் செர்ரி. ஒரு வாரத்தில் விரல்நுனியெல்லாம் கறுத்துப்போனது. அப்புறம் குனிந்தபடியே பறிக்க வேண்டிய பூசணி. அண்ணி சொன்னது பொய்யில்லை, இடுப்பு கழன்றே போனது. ராத்தங்கல் எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில், மேல் கட்டிலில். அதில் ஏறுவதற்கே தனித் திறமை வேண்டும். கடை சாத்தும் நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளும் ரொட்டியும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை. கையில் மிஞ்சியதற்கு எந்த பஸ் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போவாள். ஒரு முறை ஏரிக்கரையில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரில் நடந்தாள். எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு நாள் அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்.

ஆப்பிள் காலத்தில்தான் வினை வந்தது.

மலைச்சரிவில் பெரிய தோட்டம் அது. வேலையாட்கள் பல தேசத்தவர். பேச்செல்லாம் கடன் வாங்கிய வார்த்தைகளும் கைஜாடையும்தான் என்றாலும், நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களை மேய்க்க ஒரு மேஸ்திரி. வந்த அன்றைக்கே வாசலில் நின்று எல்லோர் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டான்.

"தொலைஞ்சிடும். பத்திரமா வெச்சிருந்து கடைசியில தர்றேன்."

எல்லோரும் கொடுத்தார்கள். பாப்பா கழுத்தில் தொங்கிய துணிப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்னோடத நானே பத்திரமா வெச்சுக்குவேன்."

"அப்போ கொட்டகையில படுக்க இடம் கிடையாது."

"வேணாம்."

தோட்டத்துக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் கூடாரம் அடித்தாள். காலையில் வேலைக்கு வருவாள், சாயங்காலம் கூடாரத்துக்குப் போவாள். அவளைத் துரத்த மேஸ்திரிக்கு ஆசைதான். ஆனால் பழம் தலைக்கு மேல் தொங்குகிறது, ஆள் பற்றவில்லை. அவளோ காம்பு ஒடியாமல், பழத்தில் விரல் அழுந்தாமல் பறிக்கப் பழகியிருந்தாள். மூக்கால் அழுதுகொண்டே விட்டுவைத்தான்.

ஒருநாள் இடைவேளையில் அண்ணன் போன் செய்தான். போனே வேண்டியதில்லை, கத்துகிற கத்தலுக்கு நேரிலேயே கேட்டிருக்கும். "பாப்பா! பிடிவாதம் போதும் பாப்பா! மாமனாரப் பாக்க ஆள் இல்ல பாப்பா!" பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. அன்றிலிருந்து தோட்டத்திலும் அவள் பாப்பாதான். பக்கத்து ஏணியில் பறிக்கும் நர்ஸக்கா சொல்லும்போது மட்டும் அந்தப் பெயர் அவளுக்குக் கசக்கவில்லை. நர்ஸக்கா தன் நாட்டில் நிஜமாகவே நர்ஸாக இருந்தவள். சம்பளம் வராத ஆஸ்பத்திரியை உதறிவிட்டு வந்திருந்தாள்.

அந்த நர்ஸக்காவின் விரல்தான் பழப்பெட்டிக்கும் டிராக்டருக்கும் நடுவில் சிக்கியது. நடுவிரல் கத்தரிக்காய் போல வீங்கி நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். மேஸ்திரியிடம் போனால், "அது டவுன்ல லாக்கர்ல இருக்கு. வேலை முடியட்டும். துணிய நனைச்சுக் கட்டிக்கோ" என்றான்.

"எலும்பு உடைஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா?" என்றாள் நர்ஸக்கா. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏணிக்குத் திரும்பினார்கள். எதிர்த்துப் பேசி, பாஸ்போர்ட் நிஜமாகவே தொலைந்துபோனால்?

அடுத்த நாள் காலை தோட்டத்து முதலாளியம்மா வந்தாள். கூடவே, பழம் மொத்தமாக வாங்கும் வியாபாரிகள். வானம் இருண்டு ஆலங்கட்டி மழைக்குக் கட்டியம் கூறிக்கொண்டிருந்தது, விழுந்தால் பழமெல்லாம் அடிபட்டுப்போகும். லாரி வாசலில் நின்றது. பாப்பா பாதையோரத்து மரத்தில் உச்சிவரை ஏணியில் ஏறினாள். மார்பில் தொங்கிய பறிப்புப் பையைக் கழற்றிக் கிளையில் மாட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், என்ன உக்காந்துட்ட? பறி!" என்று மேஸ்திரி ஓடி வந்தான்.

"எல்லார் பாஸ்போர்ட்டும் வந்தா இறங்குறேன்."

"இறங்குடி கீழ!"

"மரியாதையா பேசுங்க. நான் உங்களுக்கு மரியாதை குடுத்துத்தான் பேசுறேன்."

அவன் ஏணியை ஒரு உலுக்கு உலுக்கினான். பாப்பா ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கவில்லை. வியாபாரிகளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள். "ஒரு பொம்பளைக்கு விரல் உடைஞ்சு கிடக்கு. டாக்டர்கிட்ட போக விடாம பாஸ்போர்ட்ட வெச்சிருக்காரு. அந்தக் கையால பறிச்ச பழத்தத்தான் நீங்க வாங்கப் போறீங்க."

கீழே தொப்பென்று ஒரு சத்தம். விரலில் ஈரத்துணியோடு பறித்துக்கொண்டிருந்த நர்ஸக்கா தன் பழப்பையைத் தரையில் போட்டிருந்தாள். பிறகு அவளுக்கு அடுத்த ஆள். அப்புறம் வரிசையாக. பழங்கள் சரிவில் உருண்டு வியாபாரிகளின் காலடிவரை ஓடின.

முதலாளியம்மா முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வானத்தைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், மேஸ்திரியிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவன் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். டவுன் லாக்கர் அதுதான்!

நர்ஸக்கா முதலில் எடுத்தாள். கடைசி ஆள் எடுக்கும்வரை பாப்பா மேலேயே இருந்தாள். இறங்கியதும், "உனக்கு இனிமே இங்க வேலையில்ல" என்றாள் முதலாளியம்மா.

"இன்னிக்கு வரைக்கும் உள்ள கூலியக் குடுத்துடுங்க. போறேன்."

பாதிதான் கிடைத்தது. மீதிக்கு அவள் தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். அது இன்னும் இழுபறிதான். அந்தப் பள்ளத்தாக்கில் வேறெந்தத் தோட்டமும் அவளைச் சேர்க்கவில்லை, மேஸ்திரிகள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருந்தார்கள். நர்ஸக்காவின் விரல் லேசாகக் கோணலாகத்தான் சேர்ந்தது. டாக்டர் பிந்திவிட்டது என்றார்.

கட்டுப் பிரித்த அன்று இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். அங்கே திராட்சை காலம் தொடங்கியிருந்தது. தோட்டத்து ஆள் வேலையைச் சொன்னான், படுக்கையைக் காட்டினான், பிறகு கையை நீட்டினான். "பாஸ்போர்ட்?"

"பாத்துக்கோங்க, எழுதிக்கோங்க. உடனே திருப்பிக் குடுத்துடணும்" என்றாள் பாப்பா.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வந்ததுமே சண்டையா?"

"இதுக்குப் பேர் சண்டையில்ல. வேணும்னா அதையும் போடுவேன்."

நர்ஸக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அங்கேயே நின்று எழுதிக்கொண்டு இரண்டையும் திருப்பிக் கொடுத்தான். திராட்சைக் கத்தரிக்கோல்கள் சுவரில் மாட்டியிருந்தன. பாப்பா ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்து, தன் கைக்கு வாகான ஒன்றை எடுத்துக்கொண்டாள்.