பாதிச் சிரட்டைத் தண்ணீர்

வெங்காய வாசனை அடித்தால் எனக்கு இன்றைக்கும் கதை படிக்கத் தோன்றும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வரும் கப்பலில் 'பண்டாரி' என்று நாங்கள் கூப்பிட்ட சமையற்காரர் ஒருவர் இருந்தார். எங்களுக்காக அங்கே வாங்கிய வாரப் பத்திரிகைகளைச் சணலால் கட்டி வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்தான் அவர் செருகி வைப்பார். கப்பலில் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான் என்பது அவர் கட்சி. அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் 'வின்ச்' ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, கப்பல் வந்து நின்ற அன்றே அந்தக் கட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். மூன்று வாரத்து இதழ்கள் சேர்ந்து வரும், கடல் சரியில்லாத மாதத்தில் ஐந்தும் வரும். மெயின்லேண்டுப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு வாயாகத் தின்ற தொடர்கதையை நாங்கள் ஒரே நாளில் விழுங்கிவிட்டு, அடுத்த 'ஜஹாஜ்' வரும்வரை பட்டினி கிடந்தோம். எங்களுக்குக் கப்பல் என்றால் ஜஹாஜ்தான். வங்காளிக்கும் தெலுங்கருக்கும் மலையாளிக்கும் நடுவில் இந்தி பேசி வளர்ந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வோம்!

அந்தப் பத்திரிகையில் வந்த முத்துக்காட்டுக் கதைகளைத்தான் சொல்ல வந்தேன். ஒன்று முடிந்தால் அடுத்தது என்று மூன்று தொடர்கள் வந்தன. முத்துக்காட்டில் மனிதரே கிடையாது. மிருகங்களே சபை கூட்டும், சண்டைக்குப் போகும், சந்தை போடும், வழக்குத் தீர்க்கும். கதாநாயகன் செதிலன் என்ற அழுங்கு. உடம்பெல்லாம் செதிலோடு, பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி அது. அதனாலேயே காடு முழுக்க அவனைக் கோழை என்று கேலி செய்தது. அந்தமானில் அழுங்கும் இல்லை, நரியும் இல்லை, கரடியும் இல்லை. நாங்கள் கண்ட பெரிய மிருகம், மரம் இழுக்க வந்த யானை மட்டும்தான். அதனால் என் தம்பி சேகர் கதையில் வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் பக்கத்திலேயே ஆள் பிடித்து வைத்திருந்தான். நரிக்குத் துறைமுகத்துச் சொறிநாய். கரடிக்கு ரம் போட்டுத் தூங்கும் தெலுங்குக்கார வாட்ச்மேன். மழைக்காலத்தில் சுவரில் ஊரும் மரவட்டையைத் தொட்டால் அது சுருண்டுகொள்ளும், உடனே "யக்கா, செதிலன்!" என்று கத்துவான்.

சேகர் எனக்கு மூன்று வயது இளையவன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருவருக்குமே இந்திதான். எனக்கு மட்டும் அம்மா வீட்டில் சிலேட்டில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவன் முறை வந்தபோது அவனுக்கு இருதயத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உதடு நீலம் பாரிக்கும் பிள்ளையை உட்காரவைத்து எழுத்துக் கேட்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே முத்துக்காடு முழுவதையும் அவன் என் வாயால்தான் கேட்டான். கரடிக்குக் கட்டைக்குரல், அணிலுக்குக் கீச்சுக்குரல் என்று நானும் கொஞ்சம் அதிகப்படியாகவே நடிப்பேன். மூச்சு விட நிறுத்தினால் போதும், "ஜல்தி படிக்கா" என்று முழங்கையை இடிப்பான்.

எங்கள் வரிசையில் நான்கு தமிழ் வீடுகள். நான்குக்கும் ஒரே பத்திரிகைதான், முதலில் எங்கள் வீடு. படித்து முடித்தவர்கள் அந்த வாரக் கதையின் அடியில் பென்சிலால் பெயர் எழுதி அடுத்த வீட்டுக்குத் தள்ளவேண்டும் என்று ஒரு ஏற்பாடு. எல்லாப் பெயரும் விழுந்தபின் இதழ் எங்களிடமே திரும்பி வரும். அம்மா கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துக் கோணி ஊசியால் தைத்துச் சேர்ப்பாள். சேகரும் விடாமல் பெயர் எழுதுவான், அவனுக்குத் தெரிந்த இந்தியில். எனக்கு அது பொறுக்காது. "படிச்சவங்கதாம்ல பேரு எழுதணும். நீ வெறுமனே கேட்டவன்" என்பேன். அவன் அசரமாட்டான். "நான் காதால படிச்சேன்லா" என்று சொல்லிவிட்டு, என் பெயருக்கு மேலேயே பெரிதாக எழுதுவான்.

முத்துக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூரம் போகிற எவரும் புறப்படுமுன் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியை ஆலமரத்தடியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். அந்த மீதித் தண்ணீர் அவரைத் திரும்ப அழைத்து வந்துவிடும். காடே தாகத்தில் வாடினாலும் அந்தச் சிரட்டையை வேறொருவர் தொடக்கூடாது. மூன்றாவது தொடரின் முடிவில் ஊற்றுகளெல்லாம் வற்றிப்போக, பூமிக்கடியில் அடைபட்ட ஆற்றைத் திறந்துவிட, கோழை என்று பெயர் வாங்கிய செதிலனே தனியாகக் குகைக்குள் இறங்கினான். பாதிச் சிரட்டைத் தண்ணீரை மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போனான். 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது.

அடுத்த இதழ் வந்த கப்பல்தான் திரும்புகையில் சேகரை மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டிய கப்பல். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், அப்பா கூடப் போகிறார், அம்மாவும் நானும் இங்கே. கப்பல் புறப்பட நான்கு நாள் இருந்தது. அம்மா சத்தமில்லாமல் அவன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா ஒரே பொத்தானை மூன்று தடவை பிரித்துத் தைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குப் பதினோரு வயது. அந்த வயதுப் புத்தியில் ஒரு காரியம் செய்தேன். பத்திரிகைக் கட்டிலிருந்து முடிவு வந்த இதழை மட்டும் உருவி, பிரித்துக்கூடப் பார்க்காமல், அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் கூறைப்புடவைக்கும் கீழே, அடியில் விரித்திருந்த காகிதத்துக்குள் ஒளித்துவைத்தேன். சேகரிடம் சொன்னேன்: "முடிவு வந்துட்டு. ஆனா நான் படிச்சுக் காட்டமாட்டேன். நீ திரும்பி வந்தப்புறம்தான்." அவன் அழுதான், கெஞ்சினான், என் கையைக் கடிக்கக்கூட வந்தான். நான் அசையவில்லை. பாதித் தண்ணீரை வைத்தால் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்! ஏன் என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம். அம்மாவுக்கு நான் பிடிவாதக்காரியாகத்தான் தெரிந்தேன். "ஏட்டி, பொறப்படுத புள்ளைக்கு அதப் படிச்சுக் காட்டுனா ஒனக்கு என்ன கொறைஞ்சிரும்?" என்று கேட்டாள். அடி கூட விழுந்தது. அப்போதும் நான் கொடுக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைக் காட்டி, இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். 'ழ' என்ற எழுத்தை மூன்று தடவை கேட்டான். பள்ளிக்கூடமும் நின்று வீட்டில் கிடக்கிற பிள்ளை பொழுதுபோகாமல் கேட்கிறான் என்று எண்ணி, நானும் சிடுசிடுப்பாகச் சொல்லிவைத்தேன்.

துறைமுகத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு படிக்கு ஒருதரம் நின்று நின்று கப்பலில் ஏறினான். வெயிலில் அவனுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருந்தாள் அம்மா. பாதிப் படியில் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "யக்கா, முடிவ யாருட்டயும் சொல்லிராத. நான் வந்து கேட்டுக்கிடுதேன்." சரி என்று தலையாட்டினேன். எனக்கு ஒரே சந்தோஷம். மந்திரம் பலித்துவிட்டது என்று நம்பி, வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அழுவதைப் பார்த்து அவள்மேல் எரிச்சல்கூடப் பட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தந்தி வந்தது. ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான். காரியமெல்லாம் மெட்ராஸிலேயே முடிந்தது. அம்மாவும் நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கப்பலில் அப்பா மட்டும் இறங்கி வந்தார். ஒன்றும் தெரியாத பண்டாரி வழக்கம்போல அந்த மாதத்துக் கட்டை அவர் கையில் கொடுத்திருக்கிறார். அவரும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அந்த வெங்காய வாசனையை இப்போது எழுதும்போதும் முகர்கிறேன். அம்மா அந்தக் கட்டைப் பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். முத்துக்காட்டின் முடிவு என்ன ஆயிற்று என்று மற்ற வீடுகளில் ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

ஒளித்த இதழை நான் எடுக்கவே இல்லை. ஆசையாய்க் கேட்ட பிள்ளையை வெறும் கையோடு அனுப்பிய பாவி நான் என்ற நினைப்பு என்னை விடவில்லை. வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, என் பிள்ளைகளுக்கு எத்தனையோ கதைகள் படித்துக் காட்டினேன். ஒரு கதையையும் பாதியில் நிறுத்தினதில்லை. தூக்கம் வந்து கண் சொருகினாலும் எழுப்பி உட்காரவைத்து முடிவைச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன். பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

போன வருஷம் அம்மா போய்ச்சேர்ந்தாள். அப்பா ஓய்வு பெற்றபின், துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் கட்டிய வீட்டை ஒழிக்க இந்த மழைக்காலத்தில் போனேன். அலமாரியில் கோணி ஊசித் தையலோடு முத்துக்காடு இருந்தது. படகுக்குப் போகமுடியாதபடி மழை பிடித்துக்கொள்ள, இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். எழுபதைத் தொட்டவள் கண்ணுக்கு அது அப்படியொன்றும் பெரிய கதையாகப் படவில்லை. ஒரு வாரம் இடதுகால் நொண்டுகிற கரடி மறுவாரம் வலதுகால் நொண்டுகிறது. நரிகள் பத்துப் பக்கத்துக்கு ஒருதரம் ஒரே வசனத்தைப் பேசுகின்றன. செதிலனைப் பார்த்தால் அன்னாசிப்பழத்துக்குக் கால் முளைத்தது போலிருக்கிறது. படம் போட்டவரும் அழுங்கைக் கண்டதில்லை போலும். இருந்தாலும் சபை கூடும் இடமெல்லாம் என் வாய் தானாகக் கட்டைக்குரலுக்குப் போயிற்று. ஒவ்வொரு வாரத்தின் அடியிலும், என் பெயருக்கு மேலே, இந்தியில் அவன் பெயர். செதிலன் குகைக்குள் இறங்குவதோடு தையல் முடிந்தது.

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கூறைப்புடவையை எடுத்தேன், அடிக்காகிதத்தைத் தூக்கினேன். நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்துருண்டை வாசனை, விளிம்பெல்லாம் பழுப்பு. கதைப் பக்கத்தைப் பிரித்தேன். தமிழ் வரிகளுக்கு மேலே பொடிப்பொடியாகப் பென்சிலில் இந்தி எழுத்துகள்.

விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. நான் பள்ளிக்கூடத்திலும் அம்மா தண்ணீர்க் குழாயடியிலும் இருந்த பொழுதுகளில் பெட்டியைத் துழாவிக் கண்டுபிடித்து, தெரியாத எழுத்தைக் காலண்டரில் காட்டி என்னிடமே கேட்டுவந்து, அதன் தலையில் இந்தியில் எழுதி எழுதிப் படித்திருக்கிறான். முதல் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் மேலே குறிப்பு. 'ழ' வருகிற இடங்களில் அழித்து அழித்து எழுதியதில் காகிதமே தேய்ந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் குறிப்புகள் குறைகின்றன. மூன்றாம் பக்கத்தில் எங்கோ ஒன்று. நான்கே நாளில் என் தம்பி தமிழ் படித்துவிட்டான். வெறும் கையோடு போகவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பதால் சத்தமாகவே அழுதேன்.

ஆனால் அவன் முடிவுவரை போகவில்லை. கடைசிப் பத்தி நான்கே வரி. அதற்கு முன்னால் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டு நிறுத்தியிருக்கிறான். கோட்டின் ஓரத்தில் ஒரு சிரட்டை வரைந்திருக்கிறான், உள்ளே பாதி வரைக்கும் தண்ணீர். அதன் கீழே, முதன்முதலாக, தமிழில் கோணல்மாணலாக 'சேகர்' என்று பெயர். நான் வாய்விட்டுச் சொல்லாத காரணம் அவனுக்குத் தெரிந்தேயிருக்கிறது. நான் வைத்தது போதாது, தானும் வைக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவனுக்கும் திரும்பி வரத்தான் ஆசை.

இன்றைக்கு மெட்ராஸிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் இடிந்து கட்டடம் மாறிவிட்டது. அந்தப் பத்திரிகையும் நின்றுபோயிற்று, பண்டாரியும் இல்லை. அந்த நான்கு வரியில் என்ன இருக்கிறது, செதிலன் குகையிலிருந்து வெளியே வந்தானா என்று சொல்ல இந்தத் தீவில் இனி ஒருவரும் இல்லை. கோட்டுக்குக் கீழே கண் போகாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இதழை மடித்து, அடிக்காகிதத்துக்குள் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அது அவன் வைத்துவிட்டுப் போன தண்ணீர். அதை நான் தொடக்கூடாது.