ஏழாவது உடை

பட்டறையில் அவளை எல்லோரும் ‘அட்மிரல்’, அதாவது கடற்படைத் தளபதி, என்றுதான் கூப்பிடுவார்கள். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவளுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்ததற்குக் காரணம், அவள் கைபேசியில் இருந்த கடற்போர் விளையாட்டு. முகம் தெரியாத நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து கப்பல் ஓட்டுவாள், நீருக்கடியில் டார்பிடோ குண்டு விடுவாள். சாப்பாட்டு வேளையில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் அவள் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்கவே பக்கத்தில் ரெண்டு பேர் வந்து உட்காருவார்கள்.

வேலை என்னவோ உயிர் காக்கிற வேலை. கப்பல் மூழ்கும் நிலை வந்தால் மாலுமிகள் மாட்டிக்கொண்டு குதிக்கிற சிவப்பு ரப்பர் உடைகள், உச்சி முதல் பாதம் வரை ஒரே துண்டாக இருப்பவை, சோதனைக்கு அங்கேதான் வரும். முகத்துக்கான திறப்பை அடைத்து, உள்ளே காற்றை நிரப்பி, தையல் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் கையெழுத்து. பதினோரு வருடத்தில் அவள் கையெழுத்தை யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு நாள் சின்னச் சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து ஏழு உடைகள் வந்தன. மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று இரண்டரை மணிக்கு அவள் விளையாட்டுக் கூட்டத்துக்கு இறுதிச் சுற்று. ஆறு உடைகளை ஒழுங்காகப் பார்த்து முடித்தாள். ஏழாவதைக் கையால் மட்டும் தடவிப் பார்த்தாள். புதுசு மாதிரி இருந்தது. இதுக்கு என்ன வந்துடப்போகுது என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இருபது நிமிடத்தில் நாலு கப்பல்களை மூழ்கடித்து ஜெயித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தச் சரக்குக் கப்பலில் தண்ணீர் ஏறியது. ஏழு பேரும் விறைக்க வைக்கும் கடலில் குதித்தார்கள். மூன்று மணி நேரத்தில் எல்லோரையும் மீட்டுவிட்டார்கள். ஆறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவர் மட்டும், கால் பக்கமெல்லாம் தண்ணீர் நிறைந்த உடையோடு ஏற்றப்பட்டார். இடது காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அவர் போட்டிருந்த அந்த ஏழாவது உடை விசாரணைக்காகப் பட்டறைக்குத் திரும்பி வந்தது. முதலாளி அதைப் புரட்டிப் பார்த்தார்.

“அவசரத்துல ஜிப்ப முழுசா இழுத்திருக்க மாட்டாரு. உங்க கையெழுத்து இருக்கறப்ப வேற என்ன காரணம் இருக்க முடியும்?” என்றார். அப்படியே அறிக்கையும் எழுதி அனுப்பினார்.

அவர் வெளியே போன நேரம் பார்த்து அவள் அந்த உடையில் காற்றை நிரப்பிச் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடது கணுக்கால் தையலில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது.

நாலு நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. “என்ன ஆச்சு உனக்கு? ரெண்டு நாளா சாப்பாட்டுல உப்பே இல்ல” என்று கணவர் கேட்டார். தலைவலி என்றாள். விளையாட்டுக் கூட்டாளிகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவை திறந்து பார்த்தாள். ஒரு கப்பல் எரிந்து சாய்ந்தது. அதிலிருந்து யாரும் குதிக்கவில்லை. அந்த விளையாட்டில் ஆட்களைக் காட்டுவதே இல்லை என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

“சார், ஏழாவது உடைய நான் சோதிக்கல.”

“அன்னைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?” அவர் தப்பிக்க ஒரு வழி காட்டினார்.

“நல்லாத்தான் சார் இருந்தேன். கேம் விளையாடிட்டு இருந்தேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “அறிக்கை போயிடுச்சேம்மா.”

“அதுல தப்ப அந்த எண்ணெய்க்காரர் மேல போட்டிருக்கீங்க சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வேறு அறிக்கை எழுதி அனுப்பினார்.

மறுநாள் விலாசம் விசாரித்துக்கொண்டு எண்ணெய்க்காரர் வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். யார் என்றே கேட்காமல் அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். இவள் டீயைத் தொடாமல், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

அவர் முக்காலியில் இருந்த காலைப் பார்த்தார். பிறகு, “அப்போ ஜிப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன்?” என்றார்.

“ஆமாங்க.”

“படுத்தா எழுந்தா அதே நினைப்பு. இழுத்தேனா, இழுக்கலையான்னு.”

“விளையாட்டுக்காகவா?” என்றாள் மனைவி. “எழுந்து போங்க.”

“டீயக் குடிச்சிட்டுப் போகட்டும்” என்றார் அவர்.

டீ ஆறிப்போயிருந்தது. ஒவ்வொரு வாயாக விழுங்கிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும் உரிமையை அவளிடமிருந்து இரண்டு வருடத்துக்குப் பறித்தார்கள். உடைகளைக் கழுவிக் காயப்போடும் வேலைக்கு மாற்றினார்கள். எண்ணெய்க்காரர் மேல் தவறில்லை என்று ஆனதால், கப்பல் கம்பெனி அவருக்குக் கரையில் கிடங்கு வேலை கொடுத்தது. இரண்டு வருடம் முடிந்தபோது, அந்த உரிமைக்கான தேர்வை மறுபடி எழுதச் சொல்லி முதலாளியே விண்ணப்பத்தைக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையில் வைத்தாள்.

“எப்போ நிரப்பப்போற?” என்று கணவர் அடிக்கடி கேட்கிறார்.

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்கிறாள்.