முழு மூன்று நாள்

சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கரையை மட்டும் முழம் முழமாகத் தள்ளிப் பார்க்கிறாள் வெயிலுகந்தம்மாள். கிழிசல் தேடவில்லை. கரையில் உள்ள நிறங்கள் சேர்ந்து ஏதாவது ஒரு கட்சியின் கொடியாகிவிடுமோ என்று பார்க்கிறாள். ஒன்றிய மன்றக் கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் இந்தச் சோதனை. இதில் தேறிய சேலைகள் நாலே நாலு: சாம்பல், காப்பிப்பொடி, மண், மறுபடியும் சாம்பல்.

"பச்சைல என்னட்டி இருக்கு? வெத்தலகூடப் பச்சதான்" என்றேன் ஒரு தடவை.

"வெத்தல ஓட்டுக் கேட்டு வராதுக்கா" என்றாள்.

என் தங்கை. எனக்கு ஏழு வயது இளையவள். நான் ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனேன். அவள் கோவில்பட்டியில் கல்லூரி முடித்து, தேர்வு எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் சேர்ந்து, இப்போது மன்றப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். பதினேழு உறுப்பினர்கள் உட்காரும் மன்றத்தில், தலைவர் நாற்காலிக்கு இடப்பக்கம், அரை அடி பின்தள்ளி, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று கிடக்கும். அது அவளுடையது. அவளுக்கு ஓட்டு கிடையாது. எழுந்து பேசவும் கூடாது. எது முறை, எது முறையில்லை என்று தலைவர் கேட்டால் காதில் சொல்வாள். கேட்காவிட்டால் துண்டுத்தாளில் எழுதி மேசையில் நகர்த்துவாள். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுவாள்: அலுவலர் சொன்னது இது, தலைவர் செய்தது இது.

அந்த நாற்காலி ஆதியிலிருந்தே அங்கே கிடந்ததில்லை. முன்பெல்லாம் தலைவர் வைத்ததுதான் சட்டம். கூட்டம் நடக்காமலே தீர்மானம் எழுதி, புத்தகத்தைச் சைக்கிளில் கட்டி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவார்களாம். செத்து நாற்பது நாளான உறுப்பினர் ஒருவரும் ஒரு தீர்மானத்தை ஆதரித்திருக்கிறார். விவகாரம் நீதிமன்றம் வரை போய்ச் சந்தி சிரித்த பிறகுதான், சட்டப் புத்தகத்தோடு ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் யோவான் என்ற எழுத்தர். அவருக்குப் பின் நாலு பேர். என் தங்கை ஆறாவது. ஆணையாளர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். இந்த நாற்காலியில் இருப்பவருக்குத்தான் பழைய புத்தகங்களில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

மன்றத்தில் வரும் டீயையும் வடையையும் தொடமாட்டாள். உறுப்பினர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகமாட்டாள். சாவுக்குப் போவாள், எந்தக் கட்சிக்காரர் வீடானாலும் கால்மணி நேரம், கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அலுவலக வாசலைத் தாண்டிவிட்டால் 'நம்ம ஊர்' என்ற பேச்சே வாயில் வராது. பிறந்து வளர்ந்த ஊர் அவளுக்கு 'வார்டு பதினொன்னு'.

"ரெண்டு பக்கமும் ஏசுதாவன்னா வேல ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் ஏசுனாத்தான் நான் பயப்படணும்" என்பாள்.

இந்த ஆனியில் ஏச்சு எங்கள் ஊரிலிருந்தே வந்தது. ஊருக்குத் தெற்கே அறுபது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. கரிசலில் வெள்ளாமை நிற்கும் மாதங்களில் ஆடுகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதை ஒரு சோலார் கம்பெனி கேட்டது. கொடுக்கலாம் என்பது தலைவர் கார்த்திகேசனின் எண்ணம். கூடாது என்று தீர்மானம் போட, எங்கள் ஊர் உறுப்பினர் அழகுத்தாய் தன்னையும் சேர்த்து ஒன்பது பேரைத் திரட்டி அவசரக் கூட்டம் கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை எல்லார் கைக்கும் அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை கூட்டம். ஒன்பதுக்கு எட்டு, ஜெயித்த மாதிரிதான்.

வெயிலுகந்தம்மாள் துண்டுத்தாளை நகர்த்தினாள்: 'முழு மூன்று நாள் இல்லை.'

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் செத்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் அழகுத்தாய் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்றை எண்ணிவிட்டாள். விதியில் அப்படி இல்லை. அறிவிப்பு கைக்கு வந்த நாள் சேராது, கூட்டம் நடக்கும் நாளும் சேராது, நடுவில் முழுசாக மூன்று நாள் வேண்டும். இருந்தது இரண்டு. தலைவர் சிரித்துக்கொண்டே கூட்டத்தைக் கலைத்தார்.

குழாயடியில் என்னைப் பார்த்ததும் குடங்கள் நகர்ந்தன. "ஒன் தங்கச்சிக்குச் சம்பளம் சோலார்க்காரனா குடுக்கான்?" என்று கேட்டார்கள். அழகுத்தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி உகந்தா, ஒங்க அக்கா ஆடு இனும எங்கன மேயும்? ஒன் மேசை மேலயா?"

"மேசை மேல மேய விட்டாலும் மூணு முழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்துருங்க மதினி."

என்னிடம் முப்பத்திரண்டு ஆடுகள். நாலு நாள் அவளோடு நான் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

தலைவருக்கோ தலைகால் புரியவில்லை. "ஆபீசர்னா இவியதான்" என்று ஒரு விழா மேடையில் மைக்கிலேயே சொன்னார். ஒரு பெட்டி கடலைமிட்டாய் அனுப்பினார். பெட்டி, திருப்பி ஒப்படைத்ததற்கான ஒப்புகைச் சீட்டோடு அவர் அறைக்கே போய்ச் சேர்ந்தது. அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. அழகுத்தாய் பக்கத்தில் இரண்டு பேர் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார்கள், வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்கள். நிலத்தைக் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட, தலைவரும் ஒரு திங்கட்கிழமை அறிவிப்புக் கொடுத்து, அந்த வியாழக்கிழமைக்கே கூட்டம் வைத்தார். என் தங்கை தன் ஆள் என்று நினைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் அறையில் நடந்ததை, அங்கே டீ கொண்டுபோகும் முத்துமணி என்னிடம் சொன்னாள்.

"போன தடவ நம்ம பக்கம் நின்னியள்லா மேடம்? இப்ப என்ன?"

"யார் பக்கமும் நிக்கல சார். நாள் பத்தலன்னு சொன்னேன். இப்பவும் பத்தல."

"மேல சொல்லி ஒங்கள உடன்குடிக்குத் தூக்கியடிச்சிருவேன், தெரியும்லா?"

"அங்கயும் நாள இப்படித்தான் எண்ணுதாவ சார்."

உடன்குடி மாவட்டத்தின் அடுத்த கோடி. போனால் வீடு பார்த்துத் தங்கித்தான் ஆக வேண்டும். அன்று சாயங்காலம் அவள் பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். "செய்யக்கூடிய ஆளுதாங்க்கா" என்றாள். அந்தப் பெட்டி இன்னும் பரண் ஏறவில்லை.

"எங்க ஆட்டுக்காகச் சொல்லி நீ ஏன் சீரழியணும்?" என்றேன்.

"ஒங்க ஆட்டுக்காகன்னா மொத கூட்டத்தன்னிக்கே லீவுல்லா போட்டிருப்பேன்" என்றாள்.

வியாழக்கிழமை நாங்கள் பதினொரு பெண்கள் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் சாம்பல் சேலையில் இருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. முதல் துண்டுத்தாளைத் தலைவர் கசக்கினார். இரண்டாவதன் மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்தார். எட்டுக்கு ஏழு என்று கை தூக்கி முடித்தார்கள். அழகுத்தாய் தொண்டை கிழியக் கத்தினாள்.

"தீர்மானம் நிறைவேறிச்சு. எழுதுங்க மேடம்."

எழுதினாள். எழுதிய புத்தகத்தைக் கையெழுத்துக்காக அவர் பக்கம் திருப்பி வைத்தாள். தலைவர் வாசித்தார். பிறகு விரலை வைத்து மறுபடி வாசித்தார்.

"ரெண்டு நாள்தான் இருந்துச்சுன்னு எதுக்கு எழுதியிருக்கீங்க?"

"நடந்தது சார்."

"அத அடிங்க."

"இந்தப் புத்தகத்துல அடிக்கக் கூடாது சார்."

"அந்தத் தாளையே கிழிங்கம்மா!"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் இருக்கு சார்."

கையெழுத்துப் போட்டால், முறைகெட்ட கூட்டம் என்பதற்கு அவரே சாட்சி. போடாவிட்டால் தீர்மானமே இல்லை. அவர் ஆணையாளரைப் பார்த்தார். ஆணையாளர் மின்விசிறியைப் பார்த்தார். என் தங்கை பேனாவை நீட்டியபடியே இருந்தாள்.

"தீர்மானத்த எடுக்கல. கூட்டத்த ஒத்தி வைக்கேன்" என்றார் கார்த்திகேசன்.

அழகுத்தாய் மேசையைத் தட்டினாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்து நின்று குலவை போட்டேன். பத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மன்றக் கூரை அதிர்ந்தது.

வெயிலுகந்தம்மாள் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தலைவர் பக்கம் நகர்த்தினாள். அன்றைக்கு அவர் சந்தோஷமாக வாசித்தது அது ஒன்றுதான். "பார்வையாளர் சத்தம் போடக் கூடாதாம், வெளிய போங்க எல்லாரும்!" என்றார்.

நான் அசையாமல் நின்றேன். அப்போதுதான் அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தாள். பேனா பிடித்திருந்த கையை நீட்டி, எனக்கு வாசலைக் காட்டினாள்.