பத்துக்கு எட்டு வலி

என் வலது முட்டியை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாற்றினார்கள். மாற்றியதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது, "வாரா வாரம் போன் பண்ணுவோம். எப்படித் தேறி வர்றீங்கன்னு கேட்டு எழுதிக்குவோம்" என்றார்கள். அங்கேதான் என்னைச் சனி பிடித்தது.

எனக்கு அப்போது ஒரே கவலைதான். குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். காய் எடுக்க இரண்டு மாதம்கூட இல்லை. நான் போய் நிற்காவிட்டால் கூலியாட்கள் முற்றிய காயோடு பிஞ்சையும் சேர்த்து உருவிப் போட்டுவிடுவார்கள். மலை ஜீப்பில் ஏற எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். "நீங்க சொல்ற நம்பரப் பாத்து டாக்டர் சொல்லுவாரு" என்றுவிட்டார்கள்.

முதல் வாரம் நர்ஸ் கூப்பிட்டாள். சின்னப் பெண்ணின் குரல்.

"அண்ணே, பத்துக்கு எவ்வளவு வலி?"

உண்மையில் நாலு இருக்கும். ஆனால் நான் முப்பது வருஷமாகப் போடிக் கடைகளில் ஏலக்காய் விற்பவன். வியாபாரி நாலு காயை உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டே விலை கேட்டால், மனசில் நினைத்ததை எவனாவது சொல்வானா? இரட்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் உதட்டைப் பிதுக்க வேண்டும். இருவரும் கோபித்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு, நடுவில் எங்கேயாவது முடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை.

"எட்டு" என்றேன்.

'ஆறுன்னு வச்சுக்குவமாண்ணே' என்று கேட்பாள் எனக் காத்திருந்தேன். அவளோ எட்டு என்று எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதலில் சொன்ன விலைக்கே சரக்கை எடுக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதற்காக அடுத்த வாரமே மளமளவென்று இறக்க முடியுமா? "ஒனக்காக ஒண்ணு கொறச்சுக்கிறேன் தாயி, ஏழு" என்றேன். கைத்தடி இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் வடை தின்றுவிட்டு வந்த வாரத்தில்கூட ஆறுக்குக் கீழே நான் இறங்கவில்லை.

ஆறாவது வாரம் டாக்டர் நேரில் வரச் சொன்னார். நர்ஸ் என் நம்பர்களை எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "வலி இறங்கவே இல்லையே. உள்ள சீழ் வச்சிருக்கான்னு ஊசி விட்டுப் பாத்துடுவோம். மூணுக்குக் கீழ வர்ற வரைக்கும் ஜீப்ப மறந்துடுங்க."

"ரெண்டு டாக்டர்!" என்று கத்தினேன். உள்ளதே அவ்வளவுதான்.

ஆறிலிருந்து ஒரே மூச்சில் இரண்டுக்கு இறங்கினால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் காய் நனைந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு மூட்டையையே பிரித்துப் பார்ப்பேன். டாக்டரும் ஊசியைக் கொண்டுவரச் சொன்னார்.

கூட வந்திருந்த என் மனைவிதான் குறுக்கே வந்தாள். "டாக்டர், இவரு ஏலக்கா விக்கிறவரு. எதச் சொன்னாலும் பாதியாக்கி எடுத்துக்கங்க. பொண்ணு பாக்க வந்தப்ப சொன்ன தோட்டமும் பாதிதான் இருந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், எழுந்தேன். முட்டியை மடக்கச் சொன்னார், மடக்கினேன். வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனவரையே முந்திவிட்டேன். ஜீப்புக்கு அனுமதி கிடைத்தது. வாரா வாரம் போனில் கேட்ட அந்த நர்ஸ் தாளோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறு வாரம் குரங்கணியைத் தாண்டியதும் ஜீப் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. புது முட்டி முன்சீட்டுக் கம்பியில் போய் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அண்ணே, இந்த வாரம் பத்துக்கு எவ்வளவு?"

"எட்டு தாயி! பெத்தவ மேல சத்தியமா எட்டு!"

விலை கேட்டவரிடம் நான் உள்ளதைச் சொன்னது வாழ்நாளிலேயே அது இரண்டாவது தடவை.

"சரிண்ணே, நாலு" என்றாள்.

பக்கத்தில் இருந்த என் மனைவி போனைப் பிடுங்கினாள். "நாலெல்லாம் கூடுதல் தாயி. மூணு போட்டுக்க."