ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டியவர்

தேயிலைத் தோட்ட அலுவலகங்களுக்கான மென்பொருளை இலங்கையின் ஹட்டனில் சோதித்துக்கொண்டிருந்தோம். சோதனைக்கு முன் எந்தெந்தக் குறுக்குவிசைகளை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவன் நான். தொழிலாளர் பெயர்களைப் பதிந்தவர் வட்டவளைத் தோட்டத்துக் கிளாக்கர் அந்தோனி. தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர். யோசிக்கும்போதெல்லாம் ஷிப்ட் விசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஐந்தாவது தட்டுக்குத் திரையில் ஒரு பெட்டி குதிக்கும், சோதனை நின்றுவிடும். நான்காவது தடவையும் நின்றபோது, கணினி வந்தால் வேலை போய்விடுமென்று வேண்டுமென்றே கெடுக்கிறார் என நினைத்தேன். விசைப்பலகையைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது.

அவர் தாளை நீட்டினார். "சார், நீங்க எழுதினதெல்லாம் நிப்பாட்டிட்டேங்க. ஷிப்ட் இதுல இல்லைங்களே."

இல்லைதான். ஷிப்டை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டுவதும் ஒரு குறுக்குவிசை, அதை எழுதாமல் விட்டவன் நான்.

மறுநாள் தாளில் ஷிப்டுக்கான வரியைச் சேர்த்தேன். "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றார் மேலதிகாரி என்னிடம். வீங்கிய உதட்டோடு அந்தோனி பக்கத்தில் நின்றார். நான் நன்றி சொன்னேன், மேலதிகாரிக்கு.