உப்பளத்திலிருந்து இரண்டாம் முறை

காஞ்சிபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போன வருடம் எனக்குப் பத்து வயது. செவிலிமேட்டிலிருந்து முப்பது பேர் காவி உடுத்திக் கிளம்பினோம். மாதா சொரூபத்தையும் எங்கள் பாய், தலையணைகளையும் ஏற்றிய குட்டியானை வண்டி, பாட்டுப் போட்டபடி முன்னால் போனது. வேண்டுதல்காரர்கள் வண்டியில் ஏறக் கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். சட்டத்தை இயற்றியவர் என் அத்தை. கால் வலிக்கிறது என்று யாராவது முனகினால் அத்தை திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், வலி போய்விடும்.

அம்மா ஒரு பட்டுப் புடவை கொண்டுவந்தாள். ஊரார் புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டிக் கொடுப்பதுதான் அவள் வேலை. மாதாவுக்குச் சாத்த எடுத்த இந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அதைத் தரையில் வைக்கக் கூடாது என்று பையில் போட்டு, நானும் அவளும் மாற்றி மாற்றித் தலையில் சுமந்தோம். என்ன வேண்டுதல் என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். எனக்குக் கணக்கு வரவேண்டும் என்பதாக இருக்கும் என்று நானே முடிவுசெய்து கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஐந்தாம் நாள் மரக்காணத்தைத் தாண்டினோம். உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. கடல் எங்கேயோ இருந்தது; காற்று மட்டும் வந்து முகத்தில் பிசுபிசுத்தது. செருப்பு வார் உரசி என் இரண்டு காலிலும் கொப்புளம். ஒரு டீக்கடையில் எல்லோரும் நின்றார்கள். நான் யாரும் பார்க்காத நேரத்தில் வண்டியின் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே புகுந்து, பாய்களுக்கு நடுவே புடவைப் பையோடு படுத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர்தான். அதற்குப் பிறகு நான் எத்தனையோ வண்டிகளில் போயிருக்கிறேன். அந்தச் சுகம் எதிலும் இல்லை.

சாப்பாட்டுக்காக ஒரு சவுக்குத் தோப்பில் வண்டி நின்றது. பாத்திரம் இறக்க வந்த டிரைவர் என்னைக் கண்டுபிடித்து, அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். அதுவரை அம்மா ரோட்டோரமெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். வந்து சேர்ந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி டீக்கடை வரை போய், அங்கிருந்து மறுபடி நடந்து வரவேண்டும் என்றாள். புடவை வண்டியில் வந்துவிட்டதுதான் குற்றம் என்று நினைத்து, அவளே அதை எடுத்துப்போய் நடந்து வரட்டும், நான் இங்கேயே இருக்கிறேன் என்று யோசனை சொன்னேன்.

சட்டம் போட்ட அத்தையே இறங்கிவந்தார். "பச்சப் புள்ளம்மா, உட்ரு. மாதா என்ன கிலோமீட்டரா எண்ணிக்கினு இருக்காங்க?"

"பொடவ எதுல வேணா வரட்டும். இவ நடந்துதான் வரணும்," என்றாள் அம்மா.

புடவைக்கு மன்னிப்பு உண்டு, எனக்குக் கிடையாது. அந்த அவமானம் கொப்புளத்தைவிட எரிந்தது. உச்சி வெயிலில் இருவரும் டீக்கடை வரை போனோம், திரும்பினோம். வழியெல்லாம் அழுதேன். ஓரிடத்தில் என்னைத் தூக்கிக்கொள்ளப் போவதுபோல் குனிந்தாள். என்ன நினைத்தாளோ, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து என் கால்களில் சுற்றிவிட்டு நிமிர்ந்துவிட்டாள். இனி இவளோடு ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானம் புதுச்சேரி வரை தாங்கியது.

மூன்று வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நான் பல மாதம் எழுந்து நிற்கவே இல்லையாம். இவள் கால் ஊன்றினால் உன் வாசலுக்கு நடத்தியே கூட்டிவருகிறேன் என்று அம்மா அப்போது வேண்டிக்கொண்டாளாம். சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அத்தை சொன்னார்.

வேளாங்கண்ணியில் புடவையைக் கொடுத்துவிட்டு, அம்மா கடையில் தகடால் செய்த இரண்டு சின்னக் கால்களை வாங்கினாள். என் கையாலேயே காணிக்கையாக வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். என் கொப்புளம் ஆறுவதற்காகத்தான் என்று நினைத்தேன். இப்போதாவது புத்தி வந்ததே என்று, பெருந்தன்மையோடு அவளை மன்னித்தேன்.